மூன்று மாநிலம் தாண்டிய புட்டி

சோதனைச் சாவடியைக் கண்டால் போதும், கண்ணாயிரத்தின் கை எதையாவது ஒளிக்கத் தேடும். ஜவ்வாது மலையில் சந்தனக்கட்டைக்காக வனத்துறை ஒவ்வொரு பஸ்ஸாகக் குடைந்த காலத்தில் வளர்ந்தவர். ஒருமுறை சொந்த மரத்துப் பலாப்பழத்தைப் போர்வையில் சுற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து ஆலங்காயம் வரைக்கும் போயிருக்கிறார். பலாப்பழத்துக்கு எந்தத் தடையும் கிடையாது. உட்கார்ந்த இடம்தான் இரண்டு நாள் எரிந்தது.

இப்போது வயது ஐம்பத்து மூன்று, பெங்களூரில் லேத் பட்டறை வேலை. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த முறை அவர்கள் கொண்டுபோனது ஒளிக்கவே தேவையில்லாத பொருள். மனைவி பூங்கோதைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் புற்றுநோய். நோய் குணமாகிவிட்டது. ஆனால் ஏற்றிய மருந்துகளில் பாதத்து நரம்பு கெட்டுப்போய், நாலடி நடந்தால் முள்ளில் நடப்பது போல் வலித்தது. ஆயுர்வேத டாக்டர் சிவசங்கரி விஜயா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். கஞ்சா இலையிலிருந்து முறைப்படி தயாரித்து, டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்கிற மருந்து. காலையில் ஐந்து சொட்டு, ராத்திரி ஐந்து சொட்டு. அதற்குப் பிறகுதான் பூங்கோதை மாடிப்படி ஏறினாள்.

“வெளிமாநிலம் போறப்ப இந்த அட்டை, சீட்டு, லேபிளோட புட்டி மூணும் ஒண்ணா இருக்கணும். யாராவது கேட்டா காட்டுங்க. எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி நடந்துக்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. மறைக்க மட்டும் செய்யாதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டையில் பூங்கோதையின் படம், நோய், மருந்தின் பெயர், அது எதில் செய்தது, டாக்டரின் போன் நம்பர் எல்லாம் இருந்தன.

மருந்தில்லாமல் போக வழியில்லை. கண்ணாயிரத்தின் தங்கை பச்சையம்மாவின் சின்ன மகள் அபிநயாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரை ஊர் எல்லையிலிருந்து மேட்டில் இருக்கும் கல்யாண வீடு வரைக்கும் மாமன் பெண்டாட்டி தலையில் சுமந்து நடக்க வேண்டும். பெரிய மகளின் கல்யாணத்தின்போது பூங்கோதை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தங்கை பயந்துவிடுவாள் என்று கண்ணாயிரம் “லீவு கெடைக்கல” என்று புளுகிவிட்டார். அன்று சீர்த்தட்டைத் தூக்க ஆளில்லாமல் பச்சையம்மா கூனிக் குறுகி நின்றாளாம். அதிலிருந்து போனில் “சாப்ட்டியா, வெக்கிறேன்” என்பதோடு சரி.

“இந்தத் தட்ட நான் சொமந்தே தீருவேன்” என்று பூங்கோதை சொல்லிவிட்டாள்.

ரயில் கர்நாடகத்தில் கிளம்பி, குப்பத்தில் ஆந்திராவைத் தொட்டுவிட்டுத்தான் தமிழ்நாட்டுக்குள் வரும். மூன்று மாநிலம் என்றால் மூன்று போலீஸ் என்று கண்ணாயிரம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். குப்பத்தில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். அவர் இடம் தேடி உட்கார்ந்து தோசை தின்றார், அவ்வளவுதான். ஆனால் கண்ணாயிரத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

பூங்கோதை தூங்கிக்கொண்டிருந்தாள். புட்டியையும் தேங்காய் எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். டப்பாவில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தலையில் கொஞ்சமும் தண்டவாளத்தில் மீதியுமாகக் கொட்டினார். ஆடுகிற ரயிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தை டப்பாவுக்கு மாற்றினார். நல்ல புட்டியை எறிய மனசு வரவில்லை. அதைப் பழையபடி பைக்குள் வைத்துவிட்டு, வழியும் தலையோடு வந்து உட்கார்ந்தார். பெரிய காரியம் சாதித்த நிம்மதி அவருக்கு.

வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயத்தில் மலை பஸ் பிடித்தார்கள். அடிவாரச் சாவடியில் பஸ் நின்றது. வனக்காவலர் நதியா ஏறினாள். முன்சீட்டில் நான்கு பைகளைப் பெயருக்குத் தொட்டுவிட்டு இறங்க இருந்தவள், பையின் மேல் குந்தியிருந்த கண்ணாயிரத்தைப் பார்த்து நின்றாள்.

“இன்னாங்க, சீட்டு காலியா கீது, பையி மேல உக்காந்துனு வர்றீங்க?”

“சும்மாங்க.”

“சும்மாவா? எழுந்திருங்க பாக்கலாம்.”

பையிலிருந்து வேட்டி, புடவை, காலிப் புட்டி, சீட்டு, அட்டை எல்லாம் வெளியே வந்தன. நதியா அட்டையை எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள். புற்றுநோய் என்றதும் பஸ் அமைதியானது. கஞ்சா இலை என்றதும் பின்சீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“சீட்டு சரியா இருக்கு. மருந்து எங்க?”

கண்ணாயிரம் காலிப் புட்டியைக் காட்டினார். “குடிச்சிட்டேங்க.”

“முழுசுமா? அஞ்சு சொட்டுன்னு போட்டுக்கீது.”

“தாகமா இருந்திச்சி.”

“அப்பிடின்னா நீங்க பஸ்ல வந்திருக்க மாட்டீங்க, பஸ்ஸுக்கு மேல பறந்துனு வந்திருப்பீங்க.”

பஸ்ஸே சிரித்தது. பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. புருஷனின் தலையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், தேங்காய் எண்ணெய் டப்பாவை எடுத்து மோந்து பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

“அட பாவி மனுசா! டாக்டரம்மா படிச்சிப் படிச்சி சொன்னாங்களே!”

நதியாவின் முகம் மாறியது. “அம்மா, லேபிள் புட்டில இருந்தா இது மருந்து. தேங்காண்ணெ டப்பால இருந்தா நான் இன்னான்னு எழுதறது? ஆபீசுக்குத்தான் அனுப்பணும். நாளைக்கி வந்து வாங்கிக்கோங்க.”

“சாயங்காலம் நான் சீர் தூக்கணும் தாயி. அது இல்லன்னா என்னால அந்த மேட்ட ஏற முடியாது.” பூங்கோதை கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணாயிரத்துக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

 நதியா அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். சீட்டும் மருந்தும் தான் எழுதிக் கொடுத்ததுதான் என்று டாக்டர் உறுதி சொன்னார். ஆனால் டப்பாவில் இருப்பது அதே மருந்துதான் என்று அவர் பெங்களூரிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்?

அப்போது பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. “புட்டியப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை எண்ணெ எதுவரைக்கும் இருக்குதுன்னு பேனால கோடு போடுவேன். மாசம் பூரா வரணும் இல்ல? கடசிக் கோடு முந்தாநாளு போட்டது.”

லேபிளின் ஓரத்தில் நீல மையில் மூன்று கோடுகள் இருந்தன.

“ஊத்துங்க. நீங்க இல்ல, அவரே ஊத்தட்டும்” என்றாள் நதியா.

டிரைவர் என்ஜினை அணைத்தார். யாரோ ஒரு தேக்கிலையைச் சுருட்டிக் கொடுத்தார்கள். கண்ணாயிரம் அதைப் புனலாக வைத்துப் புட்டிக்குள் ஊற்றினார். எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஏறியது. மேலே இருந்த பழைய கோடுகள் இரண்டையும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாகப் போட்ட கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. இரண்டு நாள் சொட்டுப் போனால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே.

“கரெக்டு!” என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

நதியா நோட்டில் எழுதி, பூங்கோதையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புட்டியை அவள் கையிலேயே கொடுத்தாள். இறங்கும்போது கண்ணாயிரத்திடம், “ஐயா, நீங்களே எடுத்துக் காட்டியிருந்தா ரெண்டு நிமிசத்துல போயிருப்பீங்க” என்றாள்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. பின்சீட்டில் ஊர்க்காரி இளவரசி போனைக் காதில் வைத்தபடி எல்லாவற்றையும் ஊருக்கு ஒலிபரப்பிக்கொண்டே வந்தாள். அட்டையில் இருந்த நோயின் பெயர் உட்பட. கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டார். எண்ணெய் கழுத்தில் இறங்கியது.

ஊர் எல்லையில் மேளக்காரர்களோடு பச்சையம்மா நின்றிருந்தாள். அண்ணனைத் தாண்டிப் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

“லீவு கெடைக்கலன்னு சொன்னாரே அண்ணி. வேணும்னேதான் வரலன்னு ரெண்டு வருசமா ஒன்னத் திட்டிகினு இருந்தேனே. நீ அங்க இன்னா பாடு பட்டியோ!”

அவள் அழுதாள், பூங்கோதையும் அழுதாள். கண்ணாயிரத்துக்கும் அழுகை வந்தது, ஆனால் தலையெண்ணெய் கண்ணில் இறங்கியதால்தான் என்று சொல்லிக்கொண்டார். பச்சையம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் எதயாச்சும் ஒளிச்சி வெச்சிருக்கியா அண்ணா?”

 கண்ணாயிரம் குனிந்து, இடது கால் ஷூவைக் கழற்றி, காலுறைக்குள் கைவிட்டு, கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய மோதிரத்தை எடுத்து நீட்டினார். மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

பூங்கோதை அத்தனை பேர் முன்னாலும் புட்டியைத் திறந்து, நாக்கின் அடியில் ஐந்து சொட்டு விட்டுக்கொண்டாள். மோதிரத்தைத் தட்டில் வைத்துத் தலையில் ஏற்றினாள். சற்று நேரம் கழித்து மேளம் கிளம்பியது. மேட்டில் பாதி வழியில் அவள் தயங்கியபோது பச்சையம்மா முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். வாசலில் காத்திருந்த அபிநயா ஓடிவந்து தட்டை வாங்கப் போனாள்.

“வுடு கண்ணு, நானே எறக்கி வெக்கிறேன்” என்றாள் பூங்கோதை. இறக்கி வைத்தாள்.