ஆறாம் நம்பர் குழாய்

தையல்காரி அந்த பீர் கடைக்குள் முதன்முறையாகக் கால் வைத்தபோது மணி நான்கு பத்து. நகராட்சி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதுவரை உட்கார்ந்திருந்தால் போதும். வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

அவளுடைய கைப்பையில் ஒரு படிவம் இருந்தது. கடைக்கு வெளியே நடைபாதையில் மேஜை போட்டுக்கொள்ளும் அனுமதியைக் கடைக்காரன் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சுவரை ஒட்டிய கடைக்காரர் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்றுதான் கடைசி நாள். சுவரை ஒட்டிய கடை அவளுடையது. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவளுடைய வாசல் பின்தெருவைப் பார்த்தது. நேரில் வந்து கேட்க முகமில்லாமல், போன வாரம் அவன் படிவத்தை அவளுடைய ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

முகமில்லாததற்குக் காரணம் அவனுடைய கரும்பலகையில் இருந்தது.

அந்தக் கடையில் பீரை அங்கேயே காய்ச்சினார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வேலை முடிந்து செருப்பும் அரைக்கால் சட்டையுமாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இடம். குழாயில் பிடித்துத் தரும் ஒவ்வொரு பீருக்கும் தெரு ஆள் ஒருவரின் பெயரை வைத்துப் பலகையில் எழுதுவது கடைக்காரனின் வழக்கம். முதல் குழாய், 'தபால்காரர்: இலேசானது, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.' மூன்றாவது, 'பல் டாக்டர்: கசப்பு, ஆனால் உங்கள் நன்மைக்கு.' ஆறாவது இப்படி இருந்தது:

'தையல்கார அக்கா: புளிப்பு. ஒரு வாய்க்கே முகம் சுளிக்கும். அளவு மீறினால் புகார் எழுதும்.'

மூன்று முறை அவள் புகார் எழுதியது உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு இடித்தால் அவளுக்குத் தன் மெஷினின் சத்தம் கேட்காது. அடிநூல் தீரப்போவதைத் தையல்காரர்கள் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் கேட்கிறார்கள். கேட்காமல் எத்தனையோ கோட்டுகளை அடிநூல் இல்லாமலே ஓட்டி, திரும்பவும் தைத்திருக்கிறாள். இரண்டு முறை நல்லபடியாகவும் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது புகாருக்கு நகராட்சி ஆட்கள் வந்து, கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒலிபெருக்கிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுவாரம் ஆறாம் குழாய்க்கு இந்தப் பெயர் வந்தது.

நியாயம் அவள் பக்கம்தான். நியாயம் கையில் இருக்கும்போதுதான் மனிதர் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பேன்ட் வாங்க வந்த ஒருவர், "அக்கா, உங்க பேர்ல பீர் ஓடுதாமே, ராயல்டி கேட்டு வாங்குங்க" என்றபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். கல்லூரியில் படிக்கும் மகளின் போனுக்கு யாரோ அந்தப் பலகையைப் படமெடுத்து அனுப்பினார்கள். மகள் அதைக் காட்டி, "அம்மா, வெளில உன்னைப் பத்தி இப்படியா பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை. படிவத்தைக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்து ஒரு வாரம் காத்திருந்தாள். அவன் கண்ணெதிரே, அவனுடைய கடையிலேயே, வாடிக்கையாளராக ஐந்து மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது. கையெழுத்தில்லாத தாளை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவது. இதுதான் திட்டம்.

உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். கடைக்காரனைக் காணோம், பின்னறையில் காய்ச்சிக்கொண்டிருந்தான். தட்டோடு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எங்கே உட்காருவது என்று தெரியாமல் இவள் நிற்பதைப் பார்த்து, மூலை நாற்காலியை முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டாள்.

"இங்க உக்காருங்கக்கா. தனியா வர்றவங்களுக்கு இதான் வசதி. யார் வர்றா போறான்னு உங்களுக்குத் தெரியும், உங்களை யாரும் இடிக்க மாட்டாங்க. பையைக் கீழ வைக்காதீங்க, மேஜைக்கு அடில கொக்கி இருக்கு."

"நான் குடிக்கிறதில்ல."

"அதனால என்ன. குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் நாற்காலின்னு எழுதியா வச்சிருக்கு? இஞ்சி சோடா இருக்கு, நானே போட்டது."

"வேணாம். அந்தத் தையல்கார அக்காவைக் கொண்டா." இந்த வார்த்தையை அவள் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"ஆறாம் நம்பரா?"

"பேரைச் சொல்லு."

"நான் ஆறாம் நம்பர்னுதான்க்கா சொல்வேன்." பெண் குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்குச் சேந்த மூணு வாரமா அப்படித்தான். தபால்காரர் இங்க வர்றாரு, தன் பேரைப் பாத்துத் தானே சிரிக்கிறாரு. பல் டாக்டரும் வர்றாரு. அந்தம்மா இந்தக் கடைக்கு வந்ததே இல்லையாம். இல்லாத ஆளை வச்சு என்னக்கா சிரிப்பு? முதலாளிகிட்டயும் சொன்னேன். 'நீ போய் க்ளாஸைக் கழுவு'ன்னுட்டாரு."

தையல்காரிக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி ஒருத்தி இங்கே இருப்பாள் என்று அவள் கணக்கு வைக்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த பிளம்பர் கை தூக்கினார். "ஏம்மா, இங்க ஒரு தையல்கார அக்கா."

"ஆறாம் நம்பர் ஒண்ணு, வருது."

"பேரைச் சொன்னா உன் வாய் கோணிக்குமா?"

"உங்க பேர்ல ஒரு குழாய் வரட்டும், அப்பப் பேசுங்க. 'பிளம்பர்: கூப்பிட்டா வராது.'"

கடை சிரித்தது. பிளம்பரும்தான். பெண் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு வெளி மேஜைங்கதான் வேலைக்கா. அதுக்காகத்தான் எடுத்தாங்க. ஏதாவது வேணும்னா ஜன்னலைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு முப்பதுக்குக் கடைக்காரன் ரப்பர் பூட்ஸோடு பின்னறையிலிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"அக்கா. அந்தப் பேப்பர்…"

"பையில இருக்கு."

"கையெழுத்து?"

"அவசரம் என்ன. அஞ்சு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கு. எனக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோச்சு. அந்தப் பலகைல ஆறாவது என்னன்னு படிங்க."

"அக்கா, அது சும்மா விளையாட்டுக்கு…"

"நானும் விளையாடத்தான் வந்திருக்கேன். சத்தமாப் படிங்க. சத்தம் உங்களுக்குப் புதுசா?"

அவன் படித்தான். கடை அடங்கிப்போயிற்று. 'முகம் சுளிக்கும்' என்ற இடத்தில் பிளம்பர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவளுக்கு அது இனித்தது. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. பல நாள் பசிக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் படித்தான். இந்த முறை 'புகார் எழுதும்' என்பதை விழுங்கிவிட்டான். "முழுசா" என்றாள். முழுசாகச் சொன்னான். காதுகள் சிவந்திருந்தன. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. மணி நான்கு நாற்பது. நகராட்சிக்கு ஓடினால் பத்து நிமிடம்.

"கெஞ்ச மாட்டீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா கெஞ்சறது? ஒலிபெருக்கிய எடுத்துட்டுப் போன அன்னிக்கு எங்கப்பா முதல்முதலா கடையப் பாக்க வந்திருந்தாரு. அவர் முன்னாடி அவமானமாப் போச்சு. அந்தக் கோவத்துல எழுதினேன். எழுதினது தப்பு."

அவனுக்கு ஓர் அப்பா இருப்பதைத் தெரிந்துகொள்ள அவள் விரும்பியிருக்கவில்லை. மூன்றாவது முறையும் படிக்கச் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் தட்டோடு வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மெதுவாக வந்து, தொடாத பீருக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"நீங்கதான்னு தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் இந்த நாற்காலிலதான் உக்கார வச்சிருப்பேன்."

கடவுள் நம்மைத் தடுக்க நினைக்கும்போது பெரும்பாலும் இடியை அனுப்புவதில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறார். தையல்காரி ஜன்னல் வழியே வெளி மேஜைகளைப் பார்த்தாள். எட்டு இருந்தன. எட்டும் போனால் கடைக்காரன் உள்ளே நாலு மேஜையோடு பிழைத்துக்கொள்வான். மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்தவள் நாளைக்கே வீட்டுக்குப் போவாள். யாரும் பார்க்காத இடத்தில், தன்னை ஒருமுறைகூடப் பார்த்திராமல், தனக்காக முதலாளியிடம் வாய் திறந்தவள். அவளுடைய சோற்றில் கைவைத்துவிட்டுத்தான் இவனைப் பழிவாங்க முடியும் என்றால், அந்தப் பழி இவனுக்கு மலிவாகவும் அவளுக்கு விலையாகவும் முடியும்.

நான்கு நாற்பத்தாறுக்குப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினாள்.

"இது உங்களுக்காக இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க. கோவம் அப்படியேதான் இருக்கு. மறுபடி சுவர் அதிர்ந்தா நாலாவது புகாரும் எழுதுவேன்."

"சரிக்கா."

"முதல்ல அதை அழிங்க. அழிச்சாத்தான் பேப்பர்."

அவன் உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு ஓடினான். ரப்பர் பூட்ஸ் தெருமுனை வரை சளக் சளக்கென்று கேட்டது. ஆறாம் எண்ணுக்கு எதிரே வெள்ளையாக ஒரு தீற்றல் மட்டும் மிஞ்சியது.

பிளம்பர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நாங்களும் சிரிச்சோம்."

"தெரியும்" என்றாள் அவள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பெண் வாசல்வரை கூடவே வந்தாள்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

பதினோரு வருடமாக அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து தைக்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். பெண் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை.