அட்டை மியூசியம்

“சாய்ச்சுப் பிடிங்க அண்ணி, கதவுல இடிக்குது,” என்றான் கொழுந்தன்.

அவள் சாய்த்துப் பிடித்தாள். உள்ளே ஏதோ கழன்று விழுந்த மாதிரி சின்னச் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவனின் உடலைக் கொண்டு வருவதற்குள் முன்னறையைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அவன் வடிவமைத்த, இனிமேல் கட்டப்போகும் மியூசியத்துக்கு அட்டையில் செய்த மாடல். மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, இருவரையும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட வைத்தது.

பால்கனியில் இறக்கி வைத்தார்கள்.

“அப்புறமா தூக்கிப் போட்டுடலாமா அண்ணி?”

அவன் உள்ளே போனான். காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பது மட்டும் எரிச்சலாக இருந்தது.

நேர்வெயில் பட்டால் ஓவியம் வெளுத்துவிடும், விளக்கை மட்டும் நம்பினால் நிறமே பொய்யாகத் தெரியும் என்பான் அவள் கணவன். வெளிச்சம் வர வேண்டும், வெயில் வரக் கூடாது. கூரையில் சாய்வாகத் திறப்புகள் வைத்து, மாற்றி, மறுபடி மாற்றித் தூக்கத்தைத் தொலைத்தான் மனுஷன். உள்ளே பார்ப்பதற்கு மாடலின் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை.

“வந்து ஒரு தடவை பாரேன்.”

“டார்ச் அடிச்சுக் காட்டுங்க, பாக்குறேன்.”

“டார்ச்சா? இதுக்கு வானம் வேணும். ஒரு நாள் லீவு போடு.”

“வானம் பாக்க லீவு கேட்டா, மேனேஜர் என்னை அங்கயே அனுப்பிடுவார்.”

இன்று லீவு சொன்னபோது மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்போதும் கழுத்தில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துண்டை அவன் தூசிக்காக மாடலின் கூரைமேல் போட்டிருந்தான். அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் சுவரெல்லாம் வெளிச்சம். தபால்தலை அளவில் ஓவியங்கள். நடுவில் ஒரு பெஞ்சு. அதில் அட்டையில் வெட்டிய பெண் ஒருத்தி, மடியில் ஆபீஸ் பையோடு. பக்கத்தில் பசைத் தடம் மட்டும். சுவரோரம் ஓர் ஆள் குப்புறக் கிடந்தான், கழுத்தில் துண்டு மாதிரி வெள்ளை நூல்.

அவனைத் தூக்கி வைக்க விரலை விட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போனதும் ஓட்டை அடைபட்டு எதுவும் தெரியவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தால் ஆள் அங்கேயே கிடந்தான்.

“அண்ணி, வண்டி வந்துடுச்சு.”

“வரேன்.”

மேகம் ஏதோ கடந்திருக்க வேண்டும். பெஞ்சு மங்கியது. அவள் கண்ணை எடுக்காமல் இருந்தாள். மெல்ல மறுபடி வெளிச்சம் வந்தது.