பதினோராம் மாடியில் ஒன்பது தடவை இறந்தவர்

1993ஆம் ஆண்டில் மட்டும், மோர்னிங்சைட் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் குடியிருந்த ஜப்பானிய நடிகர் மொரிவாக்கி ஒன்பது தடவை இறந்தார். நாற்பது வருடமாக வாள்சண்டைப் படங்களில் கதாநாயகர்களிடம் வெட்டுப்பட்டுச் சாவதே அவர் தொழில். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் செத்தும் ஒன்றில்கூடத் திரையில் அவர் பெயர் வரவில்லை. கடைசியாக ரொறன்ரோவில் எடுத்த ஒரு படத்தில் செத்துவிட்டு, ஊரில் காத்திருக்க ஆளில்லாததால் இங்கேயே தங்கினார். தொழில் சுத்தம் விடாத மனிதர். நாலு பேர் பார்க்கக் கொரிடோருக்கு வந்து, இரண்டடி பின்வாங்கி, இடப்பக்கம் சரிந்தே விழுவார். முதல் தடவை அம்புலன்ஸ் வந்தது. ஸ்ரெச்சரில் எழும்பி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் கட்டடப் பொறுப்பாளர் ஒரு போர்வையால் மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எதிர்வீட்டுச் சிவபாதத்துக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய மகள் நிலாணிக்கு ரெக்ஸ்டேலில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெண் பார்க்க, நாள் குறிக்க, கலியாணப் பதிவு எழுத்து வைக்க என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த ஒன்பது நாளும் லிஃப்ட் திறந்தால் வாசலில் பிணம். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் தட்டத்தோடு திரும்பினார்கள். நேரம் தப்பியபின் பிணம் எழும்பித் தேத்தண்ணீர் வைக்கப் போனது.

“உயிரோட இருக்கேக்கை ஒரு கரைச்சலும் இல்லை. எங்கட நல்ல நாள் பாத்துத்தான் உவர் சாகிறார்,” என்று மனைவி யோகமலரிடம் பல்லைக் கடித்தார் சிவபாதம். கிழவரைக் கட்டடத்தைவிட்டே எழுப்ப மாடியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒருமுறை பிணத்தைக் காலால் தள்ளியும் பார்த்தார். வெட்கங்கெட்ட வேலைதான்.

கார்த்திகையில், ஒன்பதாம் தடவை, மகளின் அறையில் பாதியில் நிறுத்திய வீடியோ நாடாவைக் கண்டார். கிழவர் வெட்டுப்படும் படம். அதைப் போட்டால் அவர் சாவார், ரீவைண்ட் பண்ணினால் எழும்புவார் என்று நிலாணி ஒளிக்காமல் சொன்னாள். உடுப்புத் தோய்க்கும் அறையில் அவள் அழுதபோது கிழவரே கொடுத்த நாடா. தனக்குச் சாவது பழக்கம் என்றாராம்.

சிவபாதம் நாடாவை வெளியே எடுத்து, உள்ளிருந்த கறுப்பு இழையில் விரலைக் கொளுவினார். அந்த வருடம் அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது அப்போதுதான்.

“அறுத்தா அவர் எழும்பமாட்டார் அப்பா,” என்றாள் நிலாணி. “எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு தையிலேயே சொன்னனான். வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை. அவர்தான் கேட்டவர்.”

கொரிடோரில் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் சொக்ஸ் கிழிந்திருந்தது. சிவபாதம் இழையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு ரெக்ஸ்டேலுக்குப் போன் எடுத்து, மகளுக்கு விருப்பமில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, நாடாவைத் தன் கையாலேயே ரீவைண்ட் பண்ணினார். வெளியே கிழவர் எழும்பி, போர்வையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

சிவபாதம் கடைசிவரை அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் பதினோராம் மாடியில் கலியாணத்துக்கு நாள் வைப்பவர்கள் இப்போது பஞ்சாங்கத்தைப் பார்க்குமுன் பெண்ணை ஒருமுறை கேட்கிறார்கள். கொரிடோரில் கிடப்பவரைத் தாண்டிப் போவது சிரமம்.