செவ்வாய்க்கிழமைக் கிழிசல்

நாற்பத்தெட்டு வயது முடிந்தால் ஒருவர் இருவராகப் பிரிந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். உலகநாதனுக்கு வியாழக்கிழமை நாற்பத்தெட்டு முடிகிறது. அதற்காக எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கி வைத்துவிட்டார். இரண்டு சீப்பு, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு மூக்குக்கண்ணாடி. தெருவில் மற்ற எல்லோரும் எப்போதோ பிரிந்து முடித்து, வாசலில் உட்கார்ந்து தங்களோடு தாங்களே வம்பளந்துகொண்டிருந்தார்கள். "சாப்பிட்டாயா" என்று உலகநாதனைக் கேட்கத்தான் நாதி இல்லை. மனிதருக்கு அது பெரிய ஏக்கம்.

பிரிவதற்கு முன் பரிசோதனை உண்டு. புதன்கிழமை காலை ஆய்வாளர் மரகதவல்லி டார்ச் லைட்டோடு வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கழுத்தில் தொடங்கி, உலகநாதன் வாழ்ந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே இறங்கினார். இடது விலாவருகே நின்றுவிட்டார்.

"இங்க ஒரு நாள் கிழிஞ்சிருக்கே சார்."

"செவ்வாய்க்கிழமைம்மா. என் சம்சாரம் பூரணி போன நாள்."

"கிழிசலோட பிரியக் கூடாது. ரெண்டு பேருக்கும் போயிடும். அவங்க பிரிஞ்சா நாலு பேருக்கு. அப்புறம் ஊரே கந்தலாயிடும்."

"தைக்க முடியாதா?"

"தாராளமா. பக்கத்து வீட்டுக்காரரோட அதே செவ்வாய்க்கிழமையை நகல் எடுத்து ஒட்டிடுவோம். அன்னிக்கு அவர் முடி வெட்டிக்கிட்டு வந்து தூங்கியிருக்கார். சுத்தமான நாள்."

"அப்ப பூரணி?"

மரகதவல்லி கிழிசலில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள பேசறது அவங்களா?"

"ஆமாம்மா. அன்னிக்குக் கடைசியா சொன்னதுதான். தினமும் அதேதான்."

"ஒட்டிட்டா கேக்காது சார்."

வெளியே யாரோ தன்னிடமே ஏதோ சொல்லித் தானே சிரித்தார். உலகநாதன் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒட்ட வேண்டாம்மா."

"அப்ப கடைசி வரைக்கும் ஒத்தை ஆள்தான். பின்னாடி மனு போட்டாலும் எடுக்க மாட்டோம்."

"தெரியும்மா."

ஆய்வாளர் அவர் முதுகில் 'நிறுத்தம்' என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். மை ஈரமாக வழிந்தது. அவருக்குக் கை எட்டவில்லை. துடைத்துவிட ஆளும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, கிழிசலை இரண்டு விரலால் மெல்ல விரித்தார்.

"அரிசி ஊறுது. இதோ வந்துடறேன்" என்றாள் பூரணி.

"சரி, பார்த்துப் போயிட்டு வா" என்றார் உலகநாதன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.