பழனிச்சாமி துடைத்த டிஸ்க்

துபாய் ஜெபல் அலியில் எட்டு வருஷம் சிமெண்டு மூட்டை தூக்கிய முதுகு ஒரு நாள் குனிய மறுத்தது. பழனிச்சாமி கராமாவுக்கு வந்து, அகமது கபீரின் விளம்பரக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் விசா என்று கபீர் சொல்லிவிட்டார். பிடிக்கவில்லையென்றால் பழைய கம்பெனி விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு ஏற்றிவிடும். அன்று இருபத்தெட்டாம் நாள்.

கடையில் இருந்தது மேக் கம்ப்யூட்டர். அச்சகத்தில் இருந்தது விண்டோஸ் 95. கண்காட்சி கேட்லாக்கை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி அனுப்பினால், அச்சக ஆபரேட்டர் கோபாலசாமி இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்க டப்பாவை என் மெஷின் மதிக்கவே மாட்டேங்குது."

மூன்றாம் முறை கபீர் டிஸ்கைப் பழனிச்சாமி கையில் திணித்தார். "பக்கத்துலயே உக்காந்து தெறக்க வை. சாயங்காலம் பிரிண்டிங் ஃபிலிம் வரலைன்னா நீயும் வராதே."

கோபாலசாமி டிஸ்கை மாட்டிவிட்டு சிகரெட் பிடிக்கப் போனார். திரையில் ஒரு கேள்வி எழும்பியது. பழனிச்சாமிக்குப் படிக்க முடிந்தது எஸ், நோ இரண்டும்தான். எட்டு வருஷத்தில் எந்த ஃபோர்மேனிடமும் நோ சொல்லி நல்லது நடந்ததில்லை. எஸ் அமுக்கினார். மறுபடி கேட்டது. மறுபடியும் எஸ். நீலக் கட்டங்கள் வரிசையாக நிறைந்தன. கேட்லாக் ஏறுகிறது என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

"யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றார் திரும்பி வந்த கோபாலசாமி.

"ஏறுதுல்ல சார்?"

"ஏறலை. துடைக்குது!"

பழனிச்சாமி கடைக்கு போன் போட்டார். எடுத்தது டிசைனர் முகம்மது ரிபாய். "ரிபாய் பாய், டிஸ்க் காலி. நானும் காலி."

ரிபாய் சிரித்தார். "ஒரிஜினல் இங்க மெஷின்லயே கெடக்குண்ணே. வெறும் டிஸ்கைத் தூக்கிக்கிட்டு டாக்ஸியில வாங்க. யல்லா, சீக்கிரம்!"

மேக்கில் மாட்டியதும் டிஸ்க் மறுபேச்சில்லாமல் திறந்தது. ரிபாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இப்ப இது விண்டோஸ் ஃபார்மேட். அதை மேக் படிக்கும். மேக் ஃபார்மேட்டை விண்டோஸ் படிக்காது. இத்தனை நாளா நாமதான் தப்பா அனுப்பியிருக்கோம்."

மறுபடி ஏற்றிக் கொண்டுபோனார் பழனிச்சாமி. நாலு மணிக்குக் கோபாலசாமியின் திரையில் கேட்லாக் விரிந்தது.

சாயங்காலம் ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த கபீர் கேட்டார்: "எப்படிப்பா பண்ணுனே?"

ரிபாய் கூரையைப் பார்த்தார்.

"அங்கயே ஃபார்மேட் பண்ணிட்டேன் பாய்." அந்த வார்த்தையை டாக்ஸியில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

"அட! சம்பளம் வாங்குற டிசைனருக்கும் ஆபரேட்டருக்கும் தோணலையே. நாளைக்குப் போட்டோ கொண்டா, விசாவுக்கு மெடிக்கல் எழுதிடுவோம்." கபீர் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு டிஸ்கை நீட்டினார். "இதுவும் விண்டோஸ்ல தெறக்க மாட்டேங்குது, அதே மாதிரி பண்ணிடு. என் மக ஷம்சியா நிக்காஹ் போட்டோ மொத்தமும் இதுலதான் இருக்கு."

பழனிச்சாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரிபாய் பாய் பார்க்கட்டும் பாய். எனக்கு டெலிவரி இருக்கு" என்றவர், இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.