சம்பந்தியின் தலையில் மாப்பிள்ளை

மாப்பிள்ளை அன்றைக்கும் சம்பந்தியிடம் போய் மல்லாந்துவிட்டது.

மாப்பிள்ளை என்பது ரிமோட்டில் ஓடும் ஒரு பாறை ஏறும் வண்டி. பூனைக்குட்டி அளவு இருக்கும். வேகமெல்லாம் கிடையாது, நான்கு சக்கரமும் கல்லைப் பற்றிப் பற்றி மெதுவாக ஏறுவதுதான் அதன் வேலை. அடிக்கடி முறுக்கிக்கொண்டு நின்று புதிதாக எதையாவது கேட்கும் என்பதால், இப்போது அதை ஓட்டுபவளின் கணவர் அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், சுவரோரமாக அவரே அடுக்கிய கற்குவியலின் உச்சியில் செங்குத்தாக நின்ற கல்தான் சம்பந்தி. எந்தப் பக்கமாகப் போய்ப் பேசினாலும் மசியாது. வருஷக்கணக்காக முயன்றும் அதன் மேல் வண்டியை ஏற்றாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. குழாய் சொட்டுகிறதா, மின்விசிறி முனகுகிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். வண்டியை மட்டும் தொடமாட்டார்.

"விழுந்துடுச்சா? போதும் அண்ணி. தொடச்சு அலமாரியில வைங்க. அண்ணன் கைபட்டது, அப்படியே இருக்கட்டும்."

"அலமாரியில வெச்சா அது பொம்மை தம்பி. உங்க அண்ணன் என்ன பொம்மையா செஞ்சாரு?"

அவர் குழாயைத் திருகப் போய்விட்டார்.

அண்ணனும் தம்பியும் இந்தக் கல்லை வைத்துப் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பெரிய மோட்டார் போட்டால் ஏறும் என்பது தம்பி கட்சி. எடையைக் குறைத்தால் ஏறும் என்பது அண்ணன் கட்சி. அண்ணன் இருக்கைகளைப் பிடுங்கினார், கூரையில் ஓட்டை போட்டார், கடைசியில் டிரைவர் பொம்மையையும் இறக்கிவிட்டார். "அந்தாளு சும்மா உக்காந்துக்கிட்டே வந்தான், வேலையை விட்டுத் தூக்கிட்டேன்" என்றார். வண்டி பஞ்சாகப் பறந்து போய், பஞ்சாகவே மல்லாந்தது.

அவள் தொழில் திரைச்சீலை தைப்பது. அந்த வாரம் ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு மெல்லிய துணியில் ஒரு திரை. மாட்டிப் பார்த்தால் சின்னக் காற்றுக்கே அடி விளிம்பு எழும்பிச் சுருண்டது. அப்படிப்பட்ட துணிக்கென்றே அவளிடம் ஈயக் குண்டுச் சரம் உண்டு. அதை அடி மடிப்புக்குள் விட்டுத் தைத்தாள். திரை கீழே நின்று, சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் ஊசியைக் கையில் வைத்தபடியே பின் சுவரைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது தையல் மேசையில் மாப்பிள்ளை சக்கரம் கழன்று கிடந்தது. பக்கத்தில் ஈயச் சரம்.

"தம்பி, முன் சக்கரத்துக்குள்ள கனம் இருந்தா இது மல்லாந்துடுமா?"

"அதுக்குத்தான் அண்ணி மோட்டாரை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"லிஃப்டுக்கு எடை சரிக்கட்ட எதிர்பாரம் கட்டுற ஆளு நீங்க. உங்களுக்கு இது தோணலையா? அண்ணனும் தம்பியும் இத்தனை நாள் எதுக்குய்யா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "சண்டை நல்லா இருந்துச்சு அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கண்ணும் கலங்கியது.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "கனத்தை ஏத்தினா, சக்கரத்தைத் திருப்புற குட்டி மோட்டார் தாங்காது. புகைஞ்சிடும். அதோட ஒயரைத்தான் அண்ணன் கடைசியா ஈயம் வெச்சுப் பத்தவெச்சாரு."

அது அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன், மூச்சு வாங்க வாங்க, இதே மேசையில் உட்கார்ந்து கணவர் அந்த ஒயரை ஈயத்தால் ஒட்டினார். அந்த ஈயப் பொட்டு இன்னும் மினுங்குகிறது. அதற்குப் பின் அவர் கை எதையும் செய்யவில்லை. அது போனால் போனதுதான்.

அவள் சரத்தைச் சக்கரத்தின் உள்வட்டில் சுற்றினாள். டயருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு இப்போது இடம் போதாமல் பிதுங்கியது. அவள் கை நீட்டித் துணிக் கத்தரியை எடுத்தாள்.

தம்பி பதறிவிட்டார். "அண்ணி! அது துணிக் கத்தரி!"

பதறாமல் என்ன செய்வார்? அந்தக் கத்தரியால் துணியைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இதே பஞ்சை அதைக்கொண்டு நறுக்கப் போய் அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் நேரில் பார்த்தவர்.

"தெரியும்" என்றாள். பஞ்சைச் சுற்றிலும் வெட்டினாள்.

அதன்பின் தம்பியும் வேலையில் இறங்கினார். குனிந்து, டயர் வளையத்தின் பொடித் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். பேட்டரியை முன்னுக்குத் தள்ளிக் கட்டச் சொன்னதும் அவர்தான்.

பின் சுவரோரம் போனபோது ரிமோட் அவளிடம் இருந்தது. மாப்பிள்ளை முதல் கற்களில் புது மாட்டைப் போல முரண்டு பிடித்தது. சம்பந்தியின் அடியில் மூக்கை வைத்து நிமிர்ந்தது. வழக்கமாக மல்லாந்துவிடும் இடத்தில் முன் சக்கரம் கல்லைவிட்டு எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே கனத்தோடு கீழே அமர்ந்து கல்லைக் கவ்வியது.

"இடது... இடது அண்ணி, கொஞ்சம்!"

அவள் திருப்பினாள். ஒரு முனகல். வண்டி உச்சியில் ஏறி நின்றது. ஓட்டை போட்ட கூரையிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது.



"போயிடுச்சு அண்ணி" என்றார் தம்பி.

"ஏறிடுச்சு தம்பி."

அவள் எக்கி வண்டியைக் கல்லிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சுட்டது. முடிக்காமல் ஒரு வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போனீர்களே, நல்லாயிருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இதுவரை அதற்காகத்தான் அவரிடம் கோபமாக இருந்தாள்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க. அந்த ஒயர் பொட்டு நல்லாத்தான் இருக்கும், அண்ணன் பத்தவெச்சது லேசுல விடாது. உள்ள மோட்டார் மட்டும்தான் போயிருக்கும். நான் கழட்டிப் பாக்குறேன்."

அவள் வண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"கனமாத்தான் இருக்கு" என்றார் அவர்.