திவசத்துக்கு ஆகாத காய்

மாதுங்கா மார்க்கெட்டில் பரசுராமன் எதிரே வந்தால் தெரிந்தவர்கள் பாதிப் பேர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். மனுஷர் பிடித்தால் விடமாட்டார். கொலம்பஸுக்கு ஐந்நூறு வருஷம் முன்பே ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போய் வந்தன. அவை கொண்டுவந்த மிளகாயும் உருளைக்கிழங்கும் அப்போதே நம் அடுப்புக்கு வந்துவிட்டன என்பது அவர் கட்சி. இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ரிட்டயரான பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம். அது இப்போது புத்தகமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சயான் அச்சகத்தில் மெஷின் ஓடும்.

அன்றைக்கென்று அப்பாவின் திவசம். தலைகால் புரியாத சந்தோஷத்தில் வாழைக்காய், சேப்பங்கிழங்கோடு உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் வாங்கி வந்தார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி ஸ்ரீலேகா. "திவசத்துக்கு ஆகாதே. மிளகுதானே போடுவோம்?"

"இந்த வருஷம் போடு. ஆயிரம் வருஷமா நம்ம சமையல்ல இருக்கறதுதானே."

"இருந்தா பித்ருக்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அவா அறியாத காயை இலையில போடப்படாதுன்னுதானே ஒதுக்கி வச்சிருக்கா?"

வாழைக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். பரசுராமன் பையிலிருந்த மிளகாயைப் பார்த்தார். எந்தெந்தத் தேசத்துக் கோயில் சிற்பத்திலோ மிளகாயைத் தேடியவர், வருஷா வருஷம் தான் சாப்பிட்ட திவசச் சாப்பாட்டில் அது ஏன் இல்லை என்று ஒரு தரம் கூட யோசிக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

பிண்டம் வைத்தார். மந்திரத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். திவசம் பண்ணிவைத்த வாத்தியார் கிளம்பிப் போனதும் அச்சகத்துக்குப் போன் போட்டு, "வேண்டாம், நிறுத்திடுங்கோ" என்றார். அவ்வளவுதான், அத்தனை வருஷமும் போயிற்று.

"உனக்கு இது எப்போ தோணித்து?" என்று கேட்டார்.

"நீங்க எழுத ஆரம்பிச்சப்பவே."

"சொல்லியிருக்கலாமோன்னோ?"

ஸ்ரீலேகா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரிட்டயராகி மாசக்கணக்கா யாரோடயும் பேசாம படுத்துண்டிருந்தேளே. இது வந்தப்புறம்தான் எழுந்து குளிச்சேள், சாப்பிட்டேள். நான் எந்த வாயால சொல்லுவேன்? இன்னிக்குக்கூட வாய்தவறித்தான் வந்துடுத்து."